முகமூடி கழலும் வரை

திருவிழாக் காலையில் கன்ஜி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்தார். மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கிக்கொண்டு மனைவி மிட்சுயே சொன்னாள்: "கிளம்புங்க. உங்களை விட்டா அந்த மூக்கைத் தூக்க ஊர்ல வேற நெட்டைக்கொக்கு ஏது?"

துறைமுக ஊரில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கன்ஜி. எல்லார் வீட்டுக் கொல்லைக் கதவும் அவருக்குப் பழக்கம். பேச்சு குறைவு, உயரம் அதிகம். அந்த உயரத்துக்காகவே, சாமிக்கு வழிகாட்டும் தேவன் சருதாஹிகோவின் முகமூடி இளவயதிலேயே அவருக்கு வந்தது. கற்பூர மரத்தில் குடைந்து செவ்வரக்கு பூசிய முகம், முழ நீள மூக்கு. உயரமான மரச்செருப்பில் ஏறிப் பல்லக்குக்கு முன்னால் நடக்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்தவர் அதைத் தொடக்கூடாது.

மீன்கடை தொமே வருடா வருடம் கத்துவாள்: "கேஸ்காரரே, குனிங்க! மூக்கு கரண்டு கம்பியில மாட்டிக்கப் போகுது!" தெருவே சிரிக்கும்.

இந்த வருடம் அவள் கத்தவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து கும்பிட்டாள். நிமிரவே இல்லை.



அது கன்ஜிக்குத் தெரிந்த மௌனம். முன்பொரு வருடம் ஊர்வலம் பாதி வழியில் இருக்கும்போது மேளக்காரனின் அப்பா இறந்துபோனார். காதில் விழாத வரை தீட்டில்லை என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. அவன் மேளம் அடித்துக்கொண்டே போனான். அவன் முகத்தைப் பார்க்காமல் கன்ஜியும் கூடவே நடந்தார்.

சவரக்கடைக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தோஃபு கடையில் பேச்சு சட்டென்று நின்றது. கண் துளைகளில் வியர்வை இறங்கி எரிந்தது. மரத்துக்குள் தன் மூச்சே யாரோ மூச்சு வாங்குவது போல் கேட்டது.

பக்கத்தில் குடை பிடித்து வந்த நொபோருவிடம் மெல்லக் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலேர்ந்து சேதி ஏதாவது வந்துச்சாடா?"

"சாமி பேசக்கூடாதுண்ணே," என்றான் நொபோரு. வாய் ஓயாத பயல், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயில் வாசலில் பல்லக்கு இறங்கியது. முகமூடியின் முடிச்சை அவிழ்க்கப் பூசாரி கை நீட்டினார். கன்ஜி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கழற்றினால் யாராவது வாயைத் திறந்து சேதியைச் சொல்லிவிடுவார்கள்.

"பூசாரி ஐயா, இன்னொரு சுத்து போயிட்டு வந்துடலாமே."

பல்லக்குத் தூக்கிகள் வழியெல்லாம் தோள் வலி, பசி என்று புலம்பி வந்தவர்கள். யாராவது ஒருவன், "உனக்கென்ன பைத்தியமாய்யா?" என்று வைய மாட்டானா என்று காத்திருந்தார். ஒருவன் வைதால் போதும், மிட்சுயே உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒருவரும் வையவில்லை. சத்தமில்லாமல் பல்லக்கைத் திரும்பத் தோளில் ஏற்றினார்கள்.

கன்ஜி மரச்செருப்பிலிருந்து இறங்கினார். தெரிந்த பிறகு சாமிக்கு முன்னால் ஓர் அடியும் வைக்கக்கூடாது.

"இறக்குங்கப்பா," என்றார். முடிச்சைத் தானே தேடினார்.