ஆறு படி வீட்டு ஆர்லீன்

ஆர்லீன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், மாதா கோயில் நிலவறையில் உருளைக்கிழங்கு வைத்துப் பியரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தபோது. என் மாமியார் மாவுக் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "நம்ம ரேவைக் கட்டிக்கப்போறாளே ஒருத்தி, ஆர்லீன்னு, அவளுக்கு அரைமாடி வீடுதான் வேணுமாம். மகாராணி!" ரே என் கணவருக்குச் சித்தி மகன். ஆக, அவள் எனக்கு ஓரகத்தி.

ரே வாங்கிய அந்த அரைமாடி வீட்டில் நுழைந்தால் கூடமும் சமையலறையும். ஆறு படி ஏறினால் படுக்கையறைகள். ஆறு படி இறங்கினால் தொலைக்காட்சி அறை. அன்றைக்கு எங்கள் பார்மா ஊரில் அதுதான் புதுமை. கேக்கோடு பார்க்க வந்தவர்கள் ஏறி இறங்கியே களைத்தார்கள். எண்பதுகளில் அதே ஆட்கள், "இது வீடா, ஏணியா?" என்று கேலி பேசிப் பெரிய மாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு விற்பனைப் பலகை இரண்டு குளிர்காலம் பனியில் நின்றது. இப்போது தாடி வைத்த பையன்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

"எதையுமே மாத்தாம வச்சிருக்கீங்களே பாட்டி! விப்பீங்களா?"

"மாத்தாதது சோம்பேறித்தனம்பா," என்று ஆர்லீன் கதவைச் சாத்துவாள்.

பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து கிராதி வழியே பார்த்தால், கீழே நாற்காலியில் சாய்ந்திருக்கும் ரேயின் உச்சந்தலை தெரியும். அறுபது வருடத்துக்கு மேலாக அந்தத் தலையோடுதான் பேச்சு. "இன்னிக்குக் கோவமா இருக்காரு. உச்சி செவந்திருக்கு பாரு," என்பாள் என்னிடம்.

"எனக்குக் காது கேக்குதுடி!" என்று கீழிருந்து குரல் வரும்.

போன வருடம் ரேவுக்குப் பக்கவாதம் வந்தது. படியேற முடியாததால் கட்டிலைக் கீழேயே போட்டார்கள். மகன் டென்னிஸ், படியே இல்லாத வீடொன்று பார்த்துவிட்டு வந்தான்.

"சமையக்கட்டுலேருந்து அப்பா தெரிவாராடா?"

"நடுவுல சுவரு இருக்கும்மா."

"அப்ப வேணாம்."

இந்த ஜனவரியில் அவளுக்கே முழங்காலில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் படி கூடாது, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அடுப்பும் வாசலும் நடுவில், ரே கீழே. "வித்துருவோம்மா. இப்பத்தான் வாங்க ஆளு பறக்குறான்," என்றான் டென்னிஸ்.

அவள் காபி ஊற்றிக்கொண்டாள். படியில் உட்கார்ந்தாள். காபிக் குவளையை ஒரு படி கீழே வைத்தாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாள். பிறகு மறுபடியும் குவளை.

"அடியே, விழுந்து தொலைக்காத!" என்று கத்தினார் ரே.

"கத்தாதீங்க, காபி சிந்துது."

இப்போது ஆர்லீன் கீழ் அறையில்தான் இருக்கிறாள். டென்னிஸ் வாங்கிக் கொடுத்த மின்னடுப்பைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்துச் சமைக்கிறாள்.