கமலம் பார்த்துக்கொண்ட மயில்கள்

தெல்தெனிய டவுனைத் தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படுகிற ஒரு மேட்டில் அந்த விருந்தினர் பங்களா இருக்கிறது. எட்டு அறைகள், முன்னால் புல்தரை, பின்னால் கம்பிவலை அடித்த பெரிய மயில் கூண்டு. கூண்டுக்கும் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அந்த அறையில்தான் கமலம் குடியிருந்தாள்.

மயில் வளர்க்க ஆசைப்பட்டு அவள் அங்கே வரவில்லை. அந்த வேலை அவளுடைய புருசன் கறுப்பையாவினுடையது. பெற்றோல் வரிசையில் நாடே நின்ற அந்த வருடம் அவனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றுபோன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீலர் தேடினால் ஒருவரிடமும் எண்ணெய் இல்லை. அரை நாள் அப்படியே போயிற்று. மறுநாள் அவன் செத்துப்போனான்.

காரியம் முடிந்த இரண்டாம் நாள் பங்களா மெனேஜர் கிருஷ்ணராஜ் வந்தான். கண்டி டவுன் ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், கெட்டவன் என்று சொல்ல முடியாது.

"அறை வேலை செய்றவங்களுக்குத்தான் கமலம். நீங்க மயில் வேலையைப் பார்த்தீங்கன்னா இங்கயே இருக்கலாம். இல்லேன்னா வேற ஆள் போடணும்."

கமலத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த காம்பரா அறையைக் கொழுந்தன் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டான். மகள் துஷானி பல்லேகலயில் உடுப்புத் தைக்கிற ஃபெக்டரியில் அப்போதுதான் சேர்ந்து, அந்த அறையிலிருந்தே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். போக வேறு இடமில்லை. "பாக்குறேங்க" என்றாள்.

ஆறு மயில்கள். ஆண் இரண்டு, பெட்டை நான்கு. வனஜீவராசித் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தோடு கொழும்பிலிருந்த உரிமையாளர் அம்மா வாங்கி விட்டவை. பங்களாவில் எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். மயிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கறுப்பையா ஒருநாளும் கமலத்திடம் சொன்னதில்லை. நெல்லும் சோளமும் போடுவான், தண்ணீர் மாற்றுவான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பெரிய ஆண்மயில் அவளைக் கண்டாலே காலில் இருந்த முள்ளோடு பாய்ந்து வரும். முதல் மாதம் முழுக்க அவள் ஒரு தகரத் துண்டைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

மூன்றாம் மாதம் ஒரு பெட்டை கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விட ஆரம்பித்தது. தலையை உதறும், வாயைத் திறக்கும், உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். சோளம் தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் வைத்தாள். நான்காம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. அதே நாள் இன்னொரு பெட்டை கொட்டாவி விட்டது. கமலம் அதை அரிசிச் சாக்கில் போட்டு, தலைமட்டும் வெளியே தெரியக் கட்டி, இரண்டு பஸ் மாறி கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோனாள். அங்கே பாலத்துக்குக் கிட்ட மிருக வைத்தியர் ஒருவர் இருப்பதாகத் துஷானி விசாரித்துச் சொல்லியிருந்தாள்.

டொக்டர் ஷஹ்மா கமலத்தைவிட இளையவர். சாக்கை அவிழ்த்து, மயிலின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இது கொட்டாவி இல்ல அக்கா. மூச்சுக் குழாய்க்குள்ள புழு ஈக்குது. மூச்செடுக்க ஏலாமத்தான் இப்பிடி வாயத் தொறக்குது. செத்தது எத்தினை நாளாக் கஷ்டப்பட்டிச்சு?"

"நாலு நாளுங்க."

டொக்டர் டோர்ச்சை அணைத்துவிட்டு மருந்து அலுமாரியைத் திறந்தார். அவர் திட்டாதது கமலத்துக்குத் திட்டு வாங்கியதைவிட வலித்தது. நான்கு நாளும் அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்கு டொக்டர் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பால் மாதிரி வெள்ளையான புழு மருந்து, தொடர்ந்து ஐந்து நாள். அளவு பறவையின் எடையைப் பொறுத்தது. கண்ணால் மதிப்பிடக் கூடாது. தோகை உதிர்ந்து புதுசு முளைக்கும் காலத்தில் அந்த மருந்து ஆகாது, இறகு கோணலாக வளரும். அதனால் அதற்கு முன்னாலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும். கூண்டு மண் ஈரமாக இருந்தால் புழுவின் முட்டை சாகாது. அதனால் மண்ணைக் கொத்திக் காயவிட்டு, எச்சத்தை அன்றன்றைக்கே அள்ள வேண்டும்.

பொழுது விடியும் முன், மயில்கள் இன்னும் மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும்போதே கமலம் உள்ளே போவாள். பழைய தலையணை உறையைத் தலையில் மாட்டினால் எவ்வளவு முரட்டு மயிலும் அடங்கிவிடும். இறக்கையோடு சேர்த்து அணைத்து, கால் இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு தராசில் ஏறி நிற்பாள். பிறகு தன் எடையைக் கழிப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் துஷானி தராசு முள்ளைப் பார்த்துச் சொல்வாள். ஊசியில்லாத சிரிஞ்சை அலகின் ஓரமாக விட்டு, மூச்சுத் துவாரத்தில் படாமல், தொண்டையின் வலப்பக்கமாக மருந்தை மெதுவாக இறக்குவாள். முதலில் பாதி மருந்து வெளியே வழிந்தது. ஒரு வருடத்தில் ஒரு சொட்டும் வழியாமல் கை பழகிவிட்டது.

மிஞ்சிய ஐந்தும் தேறின. இரண்டு வருடம் ஒரு சாவும் இல்லை. பெரிய ஆண் அவளைப் பார்த்துப் பாய்வதை விட்டுவிட்டது. அவள் மண்ணைக் கொத்தும்போது பக்கத்தில் வந்து நிற்கும். அந்த இரண்டு வருடத்தைத்தான் கமலம் நல்ல காலம் என்று சொல்வாள்.

வெளிநாட்டுக்காரர்கள் திரும்ப வர ஆரம்பித்தபோது கிருஷ்ணராஜ் இருபத்துநான்கு நாட்டுக்கோழிகளைக் கொண்டுவந்து இறக்கினான். விருந்தாளிகள் காலையில் தாங்களே முட்டை பொறுக்கி வந்து பொரிக்கச் சொல்வார்கள், அது அவர்களுக்குப் பிடிக்கும் என்றான். கோழிகளை மயில் கூண்டோடு ஒட்டிய மேட்டில் விட்டான். பகலில் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டால் மயிலும் கோழியும் ஒன்றாக மேய்வது படம் எடுக்க அழகாக இருக்கும் என்றும் சொன்னான்.

கமலத்துக்கு மனம் ஒப்பவில்லை. டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"கோழியா? ஒண்ணா விட வேணாம் அக்கா, அல்லாவுக்காக" என்றார் ஷஹ்மா. "கோழி வயித்துல ஒரு சின்னப் புழு ஈக்கும். கோழிக்கு அதால ஒண்டும் ஆகாது. ஆனா அந்தப் புழுட முட்டைக்குள்ள ஒரு கிருமி. அது மயிலுக்குப் போனா ஈரல அரிச்சிரும். மண்ணுல விழுந்த முட்டை வருசக்கணக்கா உயிரோட கெடக்கும். மண்புழு அத முழுங்கும், அந்த மண்புழுவ மயில் திண்டாலும் வரும்."

கமலம் இதை அப்படியே போய்ச் சொன்னாள். கிருஷ்ணராஜ் சிரித்தான். "ரெண்டும் பறவைதானே கமலம். நீங்கதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா மருந்து குடுக்கிறீங்களே, பிறகென்ன?"

"மருந்து புழுவுக்குத்தாங்க. அந்தக் கிருமிக்கு இல்லையாம். கோழிய கீழ, கராஜ் பக்கமா மாத்துங்க சேர்."

"கராஜ் பக்கம் யாரு போய் படம் எடுப்பாங்க? பார்ப்போம்."

அவன் பார்க்கவில்லை. கமலம் கூண்டுக் கதவைத் திறக்காமல் இருந்து பார்த்தாள். அவன் வந்து திறந்தான். வலைக்கு வெளியே கால்வாய் வெட்டினாள். கார்த்திகை மழை வந்து, மேட்டில் கோழி கிண்டிய மண் முழுவதையும் கரைத்துக் கூண்டுக்குள் கொண்டுவந்து விட்டது. மழை விட்டதும் மண்புழுக்கள் நெளிந்தன. மயில்கள் அவற்றைக் கொத்தித் தின்றன. எத்தனையைத்தான் அவள் பொறுக்கி எறிவாள்?

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, எச்சம் அள்ளப் போனவள் நின்றுவிட்டாள். தரையில் கந்தகம் கரைத்து ஊற்றினாற்போல மஞ்சளாகக் கிடந்தது. ஒரு பெட்டை இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மூலையில் நின்றது. தூக்கினாள். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தியது.

டொக்டர் அன்றைக்கே வந்தார். மனிதருக்கு வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதான் இதற்கும். எடை பார்த்து, பொடி செய்து, தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றச் சொன்னார். கமலம் ஐந்துக்கும் ஊற்றினாள். தவிட்டைப் பிசைந்து உருட்டி ஊட்டினாள். மறுநாள் அந்தப் பெட்டை செத்தது. நான்கு நாள் கழித்துச் சின்ன ஆண். அதன் பிறகு இன்னொரு பெட்டை. பெரிய ஆண் பதினோரு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது. கடைசி இரண்டு நாள் தலையை நிமிர்த்த முடியாமல் கமலத்தின் மடியில்தான் கிடந்தது. புதுசாக வளர்ந்து முடிந்த தோகை மஞ்சள் எச்சத்தில் தோய்ந்து ஒட்டியிருந்தது. அவள் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அது போயிற்று.

ஷஹ்மா அதை அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்கக் காசு காசாக வட்டப் புண்கள். "உங்கட பிழை இல்ல அக்கா. நான் எழுதித் தாறன்" என்று, காரணம் கோழிதான் என ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கமலம் அதைக் கிருஷ்ணராஜிடம் கொடுத்தாள். மேடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மேடம் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கிருஷ்ணராஜ் அறை வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"கமலம், மேடம் கேட்டா மருந்து கொஞ்சம் பிந்திப்போச்சுன்னு சொல்லுங்க. உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க, நான் பேசிக்கிறேன். கோழி நான் கொண்டுவந்ததாலதான்னு தெரிஞ்சா என் வேலை போயிரும். எனக்கும் ரெண்டு பிள்ளை. புதுசா வர்ற மெனேஜர் உங்களை இந்த அறையில வச்சிருப்பானா, அதையும் யோசிங்க."

கடிதத்தை அவன் அனுப்பவே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மேடம் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணராஜ் பக்கத்தில் நின்றான். கமலம் படிக்குக் கீழே நின்றாள். மேடத்தின் கண் சிவந்திருந்தது. உண்மையாகவே அழுதிருக்கிறார் என்று கமலத்துக்குத் தெரிந்தது.

"நாலு செத்திருக்கு கமலம். என்ன நடந்தது? நீங்களே சொல்லுங்க. மருந்து ஒழுங்காக் குடுத்தீங்களா?"

கமலத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. எடை, மாதம், மழை, மண், கோழி. மேடம் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"கொஞ்சம் பிந்திப்போச்சுங்க" என்றாள்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் அறையில் இருந்த துஷானிக்கு இது தெரிந்ததும் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? டொக்டர் மிஸ் காயிதம் எழுதித் தந்தாங்களே!"

"எங்க போவோம்? சொல்லு."

"எங்கயாச்சும் போவோம். பொய்ய நீங்க சொல்லிட்டு, பழியையும் நீங்களே தூக்கிக்கிட்டு இருப்பீங்களா? அந்த மயிலுக்கு நீங்க செஞ்சதை நான் பாத்திருக்கேன்மா."

கமலம் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். அடுத்த மாதம் துஷானி ஃபெக்டரிக்குக் கிட்ட நாலு பெண்பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு போர்டிங் அறை எடுத்துக்கொண்டு போனாள். பஸ் செலவு மிச்சம் என்று காரணம் சொன்னாள். யாருக்காக அந்த அறையைக் காப்பாற்றக் கமலம் பொய் சொன்னாளோ, அவள் இப்போது அந்த அறையில் இல்லை.

மிஞ்சிய ஒரு பெட்டை எப்படியோ பிழைத்துக்கொண்டது. இனி பங்களாவில் மயில் வேண்டாம் என்று மேடம் முடிவு செய்தார். அனுமதிக் கடிதத்தை மாற்றி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையோரம் வீடு வைத்திருக்கும் அரூஸ் என்ற தெரிந்த வியாபாரிக்கு அந்தப் பெட்டையைக் கொடுத்தார். வேனில் ஏற்றும்போது கமலத்தைக் கூப்பிடவில்லை. வெறுங்கூண்டைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், மயில் போன வீட்டை விசாரித்துக்கொண்டு, லீவு சொல்லிவிட்டு, மருந்துப் போத்தலையும் சிரிஞ்சையும் ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அரூஸ் கதவைத் திறந்து, யாரென்று கேட்டு, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஐயா, உங்க வீட்ல கோழி இருக்குங்களா?"

"பின்னுக்கு அஞ்சாறு ஈக்குது. ஏன்?"

"மயில அதுங்களோட விட்டுறாதீங்க. கோழி நடந்த மண்ணுல கூட விடாதீங்க. பங்களாவுல நாலும் செத்தது அதாலதான்."

"மருந்து குடுக்காம வுட்டதாலன்னு சென்னாங்களே?"

கமலம் ஷொப்பிங் பேக்கிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து வைத்தாள். "மருந்த ஒருநாளும் நான் விட்டதில்லைங்க. மேடம் என்கிட்ட கேட்டாங்க. நான்தான் வாயைத் தொறந்து உண்மையச் சொல்லல. இருக்க இடம் போயிருமேன்னு பயந்துட்டேன்."

அரூஸ் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இந்த உண்மைய நான் மேடத்துக்கிட்டச் செல்லட்டா?"

"வேணாங்க. இது மட்டும் பொழைக்கட்டும்."

கோழி நடந்த மண்ணில் விடுவதில்லை என்று அவர் அன்றைக்கே சொல் கொடுத்தார், அதைக் காப்பாற்றவும் செய்தார். மயிலை மொட்டைமாடிக்கு மாற்றி, வலை அடித்து, சீமெந்துத் தரையில் வளர்க்கிறார். மண்ணே இல்லாத இடத்தில் அது தனியாக நடக்கிறது. கமலம் அன்றைக்குச் செய்து காட்டிய மாதிரியே எடை பார்த்து மருந்தும் கொடுக்கிறார். முட்டை இடுவதில்லையாம். டொக்டர் ஷஹ்மா போனில் சொன்னார்.

கமலம் இன்னும் பங்களாவில்தான் இருக்கிறாள். இப்போது அவளுக்குக் கோழி வேலை. இருபத்துநான்கு இப்போது நாற்பதாகிவிட்டது. அவற்றின் தண்ணீரில் புழு மருந்து கலக்கிறாள், எச்சம் அள்ளுகிறாள், மண்ணைக் கொத்திவிடுகிறாள். கிருஷ்ணராஜ் போன வருடம் நீர்கொழும்புப் பக்கம் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் போய்விட்டான். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அவள் கோழித் தண்ணீரை மாற்றிக்கொண்டே தலையாட்டினாள்.

மேடம் வருடத்துக்கு நான்கைந்து தடவை வருவார். கூட வரும் சிநேகிதிகள் அந்தப் பெரிய கூண்டு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்பார்கள். கமலம் முட்டைக் கூடையோடு விறாந்தையைத் தாண்டிக் குசினிக்குப் போகும்போது, மேடம் குரலைத் தாழ்த்தி அவர்களிடம் சொல்வது அவளுக்குக் கேட்கும்.

"அஞ்சு மயில் இருந்திச்சு. பாவம், அந்த அம்மா மருந்து குடுக்கப் பிந்திட்டா. நல்ல மனுசிதான். நான் வேலையால நிப்பாட்டல."