பூமாலை கட்டிய கடிலாக்

பழைய கார் ஓட்டுகிறவனுக்குக் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். "இடையிலை நிண்டுவிடாதோ?" என்று கேட்காமல் எவரும் ஏறுவதில்லை. வாகனத்தோடு மாரடிக்கும் சகோதரர்களுக்கு அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரில் கலியாணங்களுக்கு நான் ஓட்டுவது, அறுபதுகளில் அமெரிக்காக்காரன் கட்டிய வெள்ளைக் கடிலாக். காரின் சொந்தக்காரர் பெப்பே, துடைப்பதும் பழுதுபார்ப்பதும் ஓட்டுவதும் நான். ஆட்களின் பயத்தைக் கண்டு கண்டு அவருக்கும் பயம் தொற்றிவிட்டது. இந்த வருடத் தொடக்கத்தில் தீர்த்துச் சொன்னார்: "அன்ரன், இது ஒருநாள் மணப்பெண்ணோடை றோட்டிலை நிண்டா, அடுத்தநாளே வித்துப்போடுவன்." அவர் சொன்னது இத்தாலியனில், எனக்கு வலித்தது தமிழில்தான்.

கதவு

லிபெர்த்தாத் தெருவில் ஒரு மாப்பிள்ளையின் தகப்பன், பெரிய வக்கீல். தன் புதுக்காரின் கதவைச் சாத்துகிற மாதிரி இரண்டு விரலால் தள்ளினார். அது அசையவில்லை. "உள்ளங்கையை வையுங்கோ, சிஞ்ஞோர்" என்றேன். 'டொம்' என்று ஒரே சத்தம். பிறகு தெருச் சத்தமே உள்ளே வரவில்லை. முழு இரும்புக் கதவு, பிணைச்சல் இன்றுவரை ஒரு மயிரளவும் தொங்கவில்லை. மனிதர் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார். தேவாலயத்துக்கு நேரமாகிறது என்று மனைவி ஏசிய பிறகுதான் விட்டார்.

"என்ரை வீட்டு வாசல் கதவுகூட இவ்வளவு நேர்மையாச் சாத்துப்படாது" என்றார்.

பம்பர்

போர்கோ வெக்கியோ சந்தையில், மீன்கடைக்கு முன்னால் நெரிசலில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற புதுக் குட்டிக்கார் பின்னுக்கு வந்து இடித்தது. இறங்கிப் பார்த்தால், எங்கள் பம்பரில் கொஞ்சம் நீலப் பூச்சு ஒட்டியிருந்தது. துணியால் துடைத்ததும் போய்விட்டது. அந்தக் காரின் பின் லைட்டும் பிளாஸ்டிக் பம்பரும் நொறுங்கிய அப்பளமாக றோட்டில் கிடந்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்கமாட்டேன். அதிலிருந்து சண்டைக்கென்றே இறங்கிய பெண் இரண்டு காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இடிபட்டது நான் மட்டுமோ?"

கோப்பி

ஒயில் மாற்றப் போன கராஜில் மெக்கானிக் சல்வோ, புதுக்கார்களைச் சோதிக்கிற கொம்பியூட்டர் வயரைச் செருக இதில் இடம் தேடித் தேடிக் களைத்துப்போனான். நான் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, அவனுடைய கோப்பிக் கோப்பையை வாங்கி அதன் மேலேயே வைத்தேன். ஒரு துளி சிந்தவில்லை.

"எங்கடை வீட்டு மேசை இதைவிட ஆடும்" என்றான்.

மாலை

ஒரேத்தோப் பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக் கலியாணம். ஓகஸ்ட் வெயில். முகூர்த்தத்துக்கு முன் பெண்ணை மண்டபத்தில் சேர்க்க வேண்டும். தமிழ்க் கலியாணம் பார்க்கும் ஆசையில் பெப்பேயும் முன்சீற்றில் ஏறி வந்துவிட்டார். பெண் வீட்டில் எங்களை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு தந்த நேரத்தில், பெண்ணின் மாமன்மார் காரின் முகப்பை மல்லிகையாலும் செவ்வந்தியாலும் இடைவெளியில்லாமல் மூடிக் கட்டிவிட்டார்கள். ரேடியேற்றருக்குக் காற்றுப் போகிற வழியே அதுதான் என்று சொன்னேன். "வெறும் முகப்போடையோ என்ரை பிள்ளையைக் கொண்டுபோறது?" என்று தாய் கேட்டா. நல்ல காரியத்தில் மாலையைக் கழற்ற எனக்கும் மனம் வரவில்லை.

பாதி வழியில், நெரிசலுக்குள், எஞ்சின் சூடு ஏறினால் காட்டும் விளக்குச் சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டினேன். பெப்பே என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்சீற்றில் பெண்ணோடு இருந்த தாய் அழத் தொடங்கினா. கார் என் கையைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். இறங்கி, மாலைகளை எல்லாம் பிய்த்துத் தாயின் மடியில் போட்டேன். திரும்பி ஏறி ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். எஞ்சினின் சூட்டை உள்ளே இழுக்கிற பழைய வித்தை அது. பனி கொட்டும் நாட்டுக்கென்று கட்டிய ஹீட்டர், எங்களை இடியப்பம் மாதிரி அவித்தது. பட்டுச்சேலையில் பெண் வேர்த்து வழிந்தாள். ஆனால் விளக்கு அணைந்தது. எஞ்சின் ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. ஐயர் கூப்பிட முன்னமே மண்டப வாசலில் நின்றோம்.

பெப்பே இறங்கிச் சட்டையைப் பிழிந்தார். "றோட்டிலை நிண்டது நிண்டதுதான், சிஞ்ஞோர். விக்கப் போறியளோ?" என்று கேட்டேன். அவர் பொனற்றை மெதுவாகத் தட்டிக் கொடுத்தார்.

"நிண்டது காரில்லை, மாலை. வேணுமெண்டா அதை வித்துவிடு."

அமெரிக்காக்காரன் வெயிலையும் பனியையும் இடியையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான்; எங்கள் ஆட்களின் பூ ஆசையை மட்டும்தான் அவன் கணக்கில் எடுக்கவில்லை.