பதினேழு குச்சி

என் அண்ணன் மகள் ரவ்யா பதினாறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்தவள். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. நான்கு வயதில் பக்கத்து வீட்டுப் புறா மாடத்தின் ஏணியிலிருந்து விழுந்து மோவாயில் அடிபட்டது. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் காதுக்கு முன்னால் தாடை மாட்டியிருக்கும் இடத்தில் எலும்பு உள்ளுக்குள் ஒட்டி வளர்ந்துகொண்டே போனதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிள்ளை அடம்பிடிக்கிறாள், சாப்பிட மறுக்கிறாள் என்று அடித்தோம். நானும் இரண்டு முறை அடித்திருக்கிறேன். ஏழு வயதில் அவள் பல்லுக்கு நடுவே கத்தி முனைகூட நுழையவில்லை.

நான் துரய்யா. சோஹாகுக்குத் தெற்கே, நைல் கரையில் ரொட்டி சுட்டு விற்கிறேன். மாவை வெயிலில் வைத்துப் பொங்கவிட்டுச் சுடுகிற தடித்த ரொட்டி. எங்கள் தெருவில் என் ரொட்டியைக் கடிக்காத ஒரே ஆள் ரவ்யாதான். பக்கவாட்டில் இரண்டு பல் விழுந்திருந்தது, அந்தச் சந்து வழியாகப் பாலில் ஊறிய ரொட்டியை விரலால் தள்ளித் தள்ளி விழுங்குவாள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் சாப்பிடவே மாட்டாள். பேச்சு மட்டும் பல்லிடுக்கு வழியாக வந்துவிடும். தையல்தான் அவள் தொழில். உதட்டில் ஆறு குண்டூசியை வைத்துக்கொண்டு வாடிக்கைக்காரிகளை வம்புக்கு இழுப்பாள். "இடுப்பு ரெண்டு விரக்கடை ஏறியிருக்கே, இன்ஷா அல்லாஹ் பையனா, இல்ல எங்க அத்த ரொட்டியா?" என்பாள். அதைக் கேட்கவே பெண்கள் துணி கொண்டுவருவார்கள்.

மோவாய் வளராமல் உள்ளடங்கிப் போயிருந்தது. படுத்தால் மூச்சு இழுக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். இருபதாவது வயதில் ஒரு கடைவாய்ப்பல் சீழ் பிடித்துக் கழுத்துவரை வீங்கியது. திறக்காத வாய்க்குள் எந்தப் பல் டாக்டர் கையை விடுவார்? மூன்று நாள் மூச்சுக்குத் தவித்தாள். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே தாடை அறுவைப் பிரிவில் டாக்டர் இரீனி என்று ஒரு பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். முதலில் வீக்கத்தை வெளியிலிருந்து கீறி வடித்தார்கள். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ண இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

ஆபரேஷனில் பயமே மயக்கம் கொடுப்பதில்தான் இருந்தது. தூங்க வைத்தபின் மூச்சு தடுமாறினால், வாய் வழியாகக் குழாய் செருக வழியில்லை. அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயை மூச்சுக்குழல்வரை இறக்கினார்கள். "இருமாதம்மா, இருமாதம்மான்னு சொல்றாங்க அத்த. இருமாம எப்படி இருக்கறது? நான் மனசுக்குள்ள பொத்தான் துளை தச்சுக்கிட்டே இருந்தேன். நாப்பத்தி ஒண்ணாவது துளைக்கு அப்புறம் ஒண்ணும் தெரியல," என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

ஐந்து மணி நேரம். வெளியே நானும் அவள் அம்மா இன்ஸாஃபும். அண்ணன் செங்கடல் பக்கம் கட்டிட வேலையில் இருந்தார். இன்ஸாஃப் குர்ஆன் வசனத்தை முணுமுணுப்பாள், நிறுத்தி அந்தக் கதவைப் பார்ப்பாள், மறுபடி முணுமுணுப்பாள். டாக்டர் இரீனி வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னப் புட்டி. அதற்குள் பேரீச்சங்கொட்டை அளவுக்கு எலும்புத் துண்டு.

"இதுதான் பூட்டு. எடுத்தாச்சு. அந்த இடத்துல கொஞ்சம் சதைய மடிச்சு வச்சிருக்கேன், எலும்பும் எலும்பும் தொட்டுக்காம இருக்க. முப்பத்தாறு மில்லிமீட்டர் திறக்குது."

இன்ஸாஃப் அவர் கையை முத்தமிடக் குனிந்தாள். டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

"அழறதெல்லாம் அப்புறம். முதல்ல இதக் கேளுங்க," என்று, ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சிக் கட்டு ஒன்றை என் மடியில் போட்டார். "பல்லுக்கு நடுவுல அடுக்கணும். அடுக்கு நடுவுல ஒவ்வொண்ணா இன்னொண்ணு தள்ளணும். இப்ப பதினேழு போகும். அது குறையக்கூடாது. உங்க தொழுகைக்கு அஞ்சு தடவ பாங்கு சொல்றாங்கல்ல? அஞ்சு தடவையும் பத்துப் பத்து நிமிஷம். ஆறு மாசம். வலியில கத்துவா. பாவம்னு விட்டீங்கன்னா மறுபடி ஒட்டிக்கும், அடுத்த தடவ வெட்டினா இவ்வளவுகூட வராது. பத்துக்குக் கீழ போனா அன்னைக்கே வண்டி ஏறுங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். அப்படியும் நாங்கள் கெடுத்தோம்.

ரவ்யா விழுந்த அன்று காலை, பக்கத்து வீட்டு உம்மு ஷவ்கி அவளைத் தூக்கிக் கொஞ்சி, "இந்த வாய் நூறு வருஷம் பேசும்," என்று சொல்லியிருக்கிறாள். அல்லாஹ்வின் பெயரைச் சேர்க்காமல் சொன்னாளாம். அன்று பிற்பகலில் அவள் புறா மாடத்து ஏணியிலிருந்தே பிள்ளை விழுந்தது. கண் பட்டுவிட்டது என்று இன்ஸாஃப் முடிவு கட்டிவிட்டாள். பதினாறு வருஷமும் அவளோடு சண்டை போடவில்லை, ஸலாம் சொல்வாள், சிரிப்பாள். ஆனால் உம்மு ஷவ்கி வாராவாரம் ரவ்யாவுக்காக வடிகட்டிக் கொண்டுவரும் புறா சூப் ஒவ்வொரு முறையும் எங்கள் வாத்துகளுக்குத்தான் போயிற்று.

ஊர் திரும்பும் வண்டியிலேயே இன்ஸாஃப் மகளின் முக்காட்டை இழுத்து வாயை மூடிக் கட்டினாள்.

"யாரு கேட்டாலும் சரியா வரலன்னு சொல்லணும். ஆறு மாசம் போகட்டும். ஒருத்தி வாய விட்டுச் சொல்லித்தான் இந்தக் கதி."

"அம்மா, வாயத் தொறக்கத்தானே போனோம்," என்றாள் ரவ்யா.

"தொற. யாரும் இல்லாதப்ப தொற."

இன்ஸாஃப் மேல் மட்டும் பழியைப் போட்டு நான் தப்பிக்க மாட்டேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொய் சொல்வதில் எனக்குக் கை தேர்ந்த பழக்கம் உண்டு. "டாக்டரம்மா கைய விரிச்சுட்டாங்க," என்று அடுப்படியில் நின்று நான் சொன்னதைக் கேட்டு நாலு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதன் பலன், நோயாளியைப் பார்க்க வருகிற கூட்டம் இரட்டிப்பானது. சர்க்கரைப் பொட்டலம், ஆரஞ்சுப்பழம், பெருமூச்சு. மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் வந்தால் ராத்திரி இஷாவரை நகர மாட்டார்கள். குச்சிக்கட்டு மாவுப் பானைக்குள் போயிற்று. ரவ்யா முக்காட்டைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அஞ்சு வேளை என்றது விடியற்காலை ஒரு வேளையாகச் சுருங்கியது. அதிலும் அவள் அழுதால் இன்ஸாஃபின் கை நின்றுவிடும்.

பதினேழு பதினைந்தாயிற்று. ஒரு வாரத்தில் பதின்மூன்று. "வீக்கம் இருக்குல்ல, அதான்," என்றாள் இன்ஸாஃப். வீக்கம் வடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"அத்த, காதுக்கு முன்னாடி எதுவோ கெட்டிப்படுது," என்று ரவ்யா என்னிடம் மட்டும் சொன்னாள். நான் தொட்டுப் பார்த்தேன். பயம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் வந்தவர்களிடம் பழைய கதையையே சொன்னேன். இன்றும் அதை நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இருபத்திரண்டாவது நாள் பகல். ரொட்டி மாவை வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். ரவ்யா தனியாகத் தரையில் உட்கார்ந்து குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது போயிற்று. பத்தாவதை நடுவில் வைத்து உள்ளங்கையால் தள்ளினாள். போகவில்லை. மறுபடி தள்ளினாள். குச்சிதான் முறிந்தது. முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"அண்ணி, வண்டி கூப்பிடு," என்றேன்.

"இன்னைக்கு என் தம்பி பொண்டாட்டி வீட்டுக்காரங்க வராங்க. நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு எட்டாயிடும். டாக்டர் என்ன சொன்னாங்க? அன்னைக்கேன்னு சொன்னாங்கல்ல?"

"மெதுவா பேசு துரய்யா, வெளிய கேக்கும்."

வெளியே கேட்டுத்தான் விட்டது. வாசலில் செருப்புச் சத்தம். "வீட்டுல யாரு?" என்று உம்மு ஷவ்கியின் குரல். இன்ஸாஃபின் முகம் வெளிறியது. குச்சிகளைக் காலால் கட்டிலடியில் தள்ளிவிட்டு மகளைப் பார்த்து முக்காட்டைக் காட்டினாள்.

ரவ்யா முக்காட்டை எடுத்தாள். கட்டவில்லை. தூரப் போட்டாள். கட்டிலடியில் கையை விட்டுக் குச்சிகளைப் பொறுக்கி ஒன்பதையும் வாயில் அடுக்கினாள். சூப்புத் தூக்கோடு உம்மு ஷவ்கி உள்ளே நுழைந்தபோது, எங்கள் பெண் வாயைப் பிளந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அவளுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"மூடுடி," என்றாள் இன்ஸாஃப். குரலே எழும்பவில்லை.

உம்மு ஷவ்கி தூக்கைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"நான் பாக்கல, இன்ஸாஃப். சத்தியமா பாக்கல. நான் போயிடறேன்."

அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"சூப்பு வாத்துக்குப் போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதானே. பதினாறு வருஷமா நான் எந்தப் பிள்ளையையும் நிமிந்து பாத்ததில்ல. என் பேரன் பொறந்தப்போ ஏழு நாள் அந்த அறைப்பக்கமே போகல. என் கண்ணுல ஏதோ இருக்குன்னு நானும்தான் நம்பினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வருஷமெல்லாம் அவள் தலை குனிந்து நடப்பதைப் பார்த்து, கள்ளத்தனம் என்று சிரித்திருக்கிறேன்.

ரவ்யா குச்சிகளை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து போய், அவள் கைகளைப் பிடித்துக் கண்ணிலிருந்து விலக்கினாள்.

"பாருங்க பெரியம்மா. நல்லாப் பாருங்க. நான் ஏணி ஏறினேன், கால் வழுக்குச்சு. உங்க கண்ணு என்ன பண்ணும்? இப்ப யாரும் பாக்கக் கூடாதுன்னு மூடி மூடித்தான் என் வாய் போகுது. அம்மாவுக்கு என்னப் பாத்தா மனசு வரல. அத்தைக்குக் கை நடுங்குது. நீங்க தள்ளுங்க."

"நானா?"

"புறாக் குஞ்சுக்கு வாயத் தொறந்து இரை ஊட்டறவங்கதானே நீங்க?"

உம்மு ஷவ்கி என்னைப் பார்த்தாள், இன்ஸாஃபைப் பார்க்கவில்லை. கையை முக்காட்டு நுனியில் துடைத்தாள். ஒன்பதையும் அடுக்கி, பத்தாவதின் முனையை நடுவில் வைத்து, "பிஸ்மில்லாஹ்," என்று சொல்லித் தள்ளினாள். ரவ்யா தரையில் காலை உதைத்தாள், தொண்டைக்குள் கத்தினாள். உம்மு ஷவ்கி நிறுத்தவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. பத்தாவது உள்ளே போயிற்று. இன்ஸாஃப் எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது வண்டியோடு வந்தாள்.

டாக்டர் இரீனி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுதப்போவதில்லை. அவ்வளவும் எங்களுக்கு வேண்டியதுதான். ஊசி போட்டு அயர வைத்துத் தாடையை விரித்துப் பதினான்கு குச்சிவரை கொண்டுவந்தார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கத்திதான்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாங்குக்கும் உம்மு ஷவ்கி வந்தாள். வாசற்கதவு திறந்தே கிடந்தது. பார்க்க வந்த பெண்கள் பெருமூச்சை விட்டுவிட்டுக் குச்சி எண்ண ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருத்தி கதை சொல்வாள், அழுகை மறக்கட்டும் என்று. ரவ்யா குச்சியை எடுத்ததும் முதல் வேலையாக அந்தக் கதையைக் கிண்டலடிப்பாள். இன்ஸாஃப் மட்டும் அந்த நேரத்தில் கூரைக்கு ஏறிவிடுவாள். மேலே அவள் ஓதுவது எங்களுக்குக் கேட்கும். கீழே இறங்கியதும் ஒன்றும் கேட்க மாட்டாள், குச்சிகளை எடுத்துக் கழுவி வைப்பாள். சூப்பு வாத்துக்குப் போகவில்லை.

ஆறாவது மாசம் ஸ்கேல் முப்பத்துநாலு காட்டியது. டாக்டர் மூன்று முறை வைத்துப் பார்த்தார். "இனி ஒட்டாது. மோவாய முன்னுக்குக் கொண்டுவர்றத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். வெளியே கடையில் ஒரு ரொட்டி வாங்கி, பிய்க்காமல் கடித்தாள் ரவ்யா. மென்று பார்த்துவிட்டு, "உன் ரொட்டிதான் நல்லாருக்கும்னு சொல்லிடவா அத்த? இல்ல உண்மையச் சொல்லட்டுமா?" என்றாள்.

தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கும்போது, எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருத்தி, மேலத் தெருக்காரி, தண்ணீர்க் குழாயடியில் நின்று கூப்பிட்டுக் கேட்டாள். "பொண்ணு வாய் என்னாச்சு? சரியாச்சா?"

குழாயடியில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் திரும்பினார்கள். பழக்கதோஷத்தில் என் வாய் பழைய பொய்க்குத் தயாராகிவிட்டது. இன்ஸாஃப் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் உதடு எதையோ ஓதி முடித்தது.

"திறந்துடுச்சு," என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "பதினேழு குச்சி போகுது. ரவ்யா, வாயத் தொறந்து காட்டும்மா. எல்லாரும் பாக்கட்டும்."