மலை ஏறிய கூடைப் பணம்

என் மனைவிக்கு மார்பில் கேன்சர். வைத்தியம் அரசு ஆஸ்பத்திரியில். திருவொற்றியூர் பக்கம் எங்கள் குப்பம். எனக்கு ஒரு ஃபைபர் படகு உண்டு.

மகள் கம்பெனி வேலைக்குப் போகிறாள். கம்பெனி ஆட்களோடு மலை ஏறப் போவதாக வந்து சொன்னாள்.

"மல ஏறுனா நோவு பூடுமா?" என்றேன்.

"நான் ஏறறேன்னு சொல்லி நாலு பேராண்ட துட்டு வாங்கணும் நைனா. அந்தத் துட்ட கேன்சர் ஆராய்ச்சிக்கு அனுப்புவாங்க."

"நீ ஏறறதுக்கு அவன் ஏன் துட்டு தரான்? வாங்கறவன் யாரு? மூஞ்சியப் பாத்துக்கிறியா?"

"உனுக்கு எல்லாத்துலயும் டவுட்டு."

ஆமாம். டீசல் ஊற்றுகிறவன், ஐஸ் போடுகிறவன், எல்லோரையும் சந்தேகப்பட்டுத்தான் இத்தனை வருஷம் படகு ஓட்டினேன்.

மீன் ஏலம் விடும் அக்காவிடம் போய் மகள், "எங்கம்மாவுக்காக மல ஏறறேன்க்கா. முடிஞ்சத குடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் ஒவ்வொரு படகும் ஒரு கூடை மீன் ஒதுக்கிவைத்தது. குப்பத்தில் யாராவது படுத்துவிட்டால் அப்படித்தான். அந்தக் கூடைகளைத் தனியாக ஏலம் விட்டு, பணத்தை நோயாளி வீட்டில் கொடுப்பார்கள். அக்கா மகள் கையில் கொடுத்தாள். மகள் அதை அப்படியே கம்பெனியில் கட்டினாள். என் கண் முழுக்கக் கம்பெனிமேல் இருந்தது. கரையைக் கவனிக்கவில்லை.

மலைக்கு நானும் போனேன். நிஜமாக ஏறுகிறார்களா, அடிவாரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்களா, பார்க்க வேண்டும். ஏறினார்கள். எனக்குத்தான் தலை சுற்றியது. படகில் ஆடிப் பழகிய கால். பாறை ஆடவே இல்லை. பாதி வழியில் மகள் உட்கார்ந்து அழுதாள். முட்டி வலி என்றாள். முட்டிக்காக இல்லை என்று தெரியும். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

உச்சியில் பேனர் பிடித்தார்கள். பணம் எங்கே போகிறது என்று மேனேஜரைக் கேட்டேன். இங்கிலீஷில் ஒரு காகிதம் கொடுத்தார். மகள் படித்துவிட்டு, "சரியாத்தான் கீது" என்றாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் பக்கத்துப் படகுக்காரன் கேட்டான்.

"இன்னாண்ணே, அண்ணி ஆபரேஷனுக்குத் துட்டு பத்துச்சா?"

"எந்தத் துட்டு?"

"கூட மீனு வித்த துட்டுதான். மல மேல வேண்டிக்கினு வந்துட்டீங்க. இனிமே ஆபரேஷன் தானே?"

அப்போதுதான் புரிந்தது. மலை வேண்டுதலுக்கு, பணம் வைத்தியத்துக்கு என்று குப்பமே நினைத்திருக்கிறது.

வீட்டில் சொன்னேன். மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கே போய் சொல்லிடு. நாளிக்கு இன்னொருத்தி பட்த்தா ஒரு கூட மீனு வராது."

அன்று சாயங்காலமே ஏலக் கொட்டகையில் சொன்னேன்.

"அப்ப யாருக்குப் போச்சி?" என்றாள் அக்கா.

"ஆராய்ச்சிக்கு. இனிமே நோவு வரவங்களுக்கு."

"அவங்க எந்தக் குப்பம்?"

"தெரியாது."

காகிதத்தை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

"பொண்டாட்டி நோவையே ஏலம் வுட்டுட்டான்பா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். காகிதத்தைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து வலை பின்னுகிற ஒருவர் படுத்துவிட்டார். காலையில் என் படகிலிருந்துதான் முதல் கூடை இறங்கியது. இரண்டாவது வருமா என்று பக்கத்திலேயே நின்றேன். வெயில் ஏறியது. கடைசியில் பக்கத்துப் படகுக்காரன் ஒன்று தூக்கிவந்தான்.

"இது நேரா அவரு கைக்குத்தானேண்ணே?"

"நேராதான்."

பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். ஏலம் முடிந்தது. அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "எல்லாம் வாங்க. குடுக்கறத கண்ணால பாத்துட்டுப் போங்க" என்று நடந்தாள்.

அத்தனை பேரும் பின்னால் போனார்கள். நானும் போனேன். வலை பின்னுகிறவர் பணத்தைக் கையில் வாங்கும்வரை ஒருத்தரும் அவர் வாசலை விட்டு நகரவில்லை.