அண்ணன் அமுக்கிய கோதுகள்

மரியாதைக்காகத்தான் அண்ணனை ‘அவர்’ என்று எழுதுகிறேன். மனதுக்குள் வருவது வேறு சொல்.

டோர்செட் பார்க்கில் நான் இருப்பது ஒற்றை அறை வீடு. அதனால் என் வேட்டைத் துவக்கு மல்வேர்னில், அண்ணன் வீட்டு இரும்பு அலுமாரியில் அவருடைய துவக்கோடு இருந்தது. இரண்டும் ஒரே அளவு ரவை போடுகிறவை. சுட்ட ரவையின் வெற்றுப் பித்தளைக் கோதுகளை எறியாமல் ஒரே ஐஸ்கிறீம் வாளிக்குள் போட்டு வைப்போம். அரிசி மூட்டையோ பித்தளைக் கோதோ, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தால்தான் எங்கள் சனத்துக்கு நித்திரை வரும்.

சுட்ட கோது அந்தத் துவக்கின் உள்வாய்க்கு ஏற்றபடி வீங்கிவிடும். மறுபடி வெடிமருந்து நிரப்பமுன் அதை ஓர் இரும்பு அச்சுக்குள் கொடுத்து அமுக்க வேண்டும். கடையில் அதை ‘டை’ என்பார்கள். ஒருவகை டை கழுத்தை மட்டும் இறுக்கும். கோது நெடுநாள் உழைக்கும், ஆனால் சுட்ட துவக்கை விட்டு வேறொன்றில் போட்டால் சிக்கும். மற்றது முழு உடம்பையும் அமுக்கும். அந்தக் கோது இரண்டு துவக்குக்கும் போகும்.

ஒஷாவாவில் ஒரு கடையில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

“அண்ணை, முழுசா அமுக்கிறதை எடுப்பம். கோதெல்லாம் கலந்து கிடக்கு.”

“உனக்கென்னடி தெரியும்? கழுத்து டைதான் நல்லது. பேசாம வா.” கழுத்து டைக்கே காசைக் கட்டினார்.

எங்கள் மான் வேட்டைக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். முதல் வருடம் எனக்கு ஒன்றும் விழவில்லை. இந்த முறையும் விழாவிட்டால் என் இடம் அண்ணனின் மகளைக் கட்டிய மருமகனுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த இடத்தை விட எனக்கு மனமேயில்லை. வருடம் முழுக்க வேலைத்தலத்தில் நின்று தேய்கிற எனக்கு அந்தக் காடு ஒன்றுதான் இருந்தது.

வேட்டைக்குப் போன காலை அண்ணன் தான் அமுக்கி நிரப்பிய ரவைகளைத் தந்தார்.

“என்ர துவக்கில போட்டுப் பாத்தனீங்களோ?”

“ஓம், பாத்தனான். போ.”

மான் வந்தது. நல்ல கொம்பன். விலாவைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. ரவையை ஏற்றி, அதை உள்ளே பூட்டுகிற போல்ட்டைத் தள்ளினேன். மூடவில்லை. அடுத்த ரவையும் மூடவில்லை. உள்ளங்கை நோகக் குத்தினேன். சத்தத்துக்கு மான் தலையைத் தூக்கியது. பக்கத்து மரத்தடியிலிருந்து அண்ணன் சுட்டு விழுத்தினார். ஐயோ, அவர் சிரித்த சிரிப்பு! நாசமாய்ப் போன சிரிப்பு.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டில் மான் இறைச்சிக் கறி. அண்ணி எனக்குச் சோறு போட்டபடி, “பாவம், உமக்குக் கை நடுங்கிப்போட்டுதாம்” என்றார். மருமகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். வேட்டைக்குப் போடுகிற செம்மஞ்சள் மேலங்கியை அவன் ஏற்கனவே வாங்கிவிட்டானாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த ரவையளைப் போட்டுப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான்தான். ஒண்டும் மூடேல்லை.” அவர் எலும்பை உறிஞ்சி முடித்து மருமகனைக் காட்டினார். “மூடியிருந்தா நீ சுட்டிருப்பாய். பிறகு இவனை எங்க கொண்டுபோய் விடுறது?”

அண்ணன் கறிச்சட்டியை என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடு. ஆறப்போகுது.”