ட்ரிப் சுவிட்ச் விழுகுதா?

லைசன்ஸ் கைக்கு வரும்வரை எனக்குக் கரண்டுக் கந்தோர் அதிகாரிகளைக் கண்டால் பயம். வந்த பிறகு மழையைக் கண்டால் பயம். பழைய பயமே பரவாயில்லை.

பள்ளிக்கூடம் விட்ட கையோடு வயரிங் வேலைக்குப் போனவன் நான். லைசன்ஸ் என்று ஒன்று இருப்பதே நெடுங்காலம் எங்களுக்குத் தெரியாது. பிறகு, லைசன்ஸ் உள்ளவர் சோதித்துக் கையொப்பம் வைத்தால்தான் புது வீட்டுக்கு இணைப்பு என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். செய்முறைப் பரீட்சைக்குப் போய், வயரிங் செய்து காட்டி, ஒருவழியாக வாங்கிவிட்டேன். வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். அந்த இனிப்பு வாயில் இருக்கும்போதே அக்கா வந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. அக்காவும் கல்லடியில், வாவிக்கரையோரம், மகளுக்கு வீடு கட்டி முடித்திருந்தாள். கல்யாணத்துக்கு நாளும் வைத்தாயிற்று. கரண்ட்தான் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துச் சமாளித்தார்கள். வயரிங் முழுவதும் அத்தானின் கைவண்ணம். கட்டாரில் எலக்ட்ரீசியனுக்கு ஏணி பிடித்த அனுபவம் அவருக்கு.

"நீ ஒரு கையொப்பம் வச்சாக் காணும் தம்பி. மற்றதெல்லாம் அத்தான் பாத்திட்டார்."

"நானும் பாத்திட்டுத்தான் வைப்பன் அக்கா."

கரண்ட் வருகிற மெயின் போட்டைத் திறந்து பார்த்தேன். ட்ரிப் சுவிட்ச் அழகுக்கு இருந்தது. வயர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேராகப் போயிருந்தது. கரண்ட் கசிந்தால் சட்டென்று விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சாமான் அது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் அடிக்கடி விழும். அந்தத் தொல்லை பொறுக்காமல் கரையோரத்தில் பலர் இப்படித்தான் செய்துவிடுகிறார்கள்.

"மழை பெய்ஞ்சாச் சும்மா சும்மா விழுகுது. அதான் நேராக் குடுத்திட்டன்" என்றார் அத்தான். குரலில் பெருமை வேறு.

கிணற்றடியில் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. அக்காவின் மகள், என் மருமகள், ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, கழன்ற குழாயைச் சரிபண்ண மோட்டர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"தொடாத புள்ள!"

நான் கத்திய கத்தலில் அவள் மற்றக் கையிலிருந்த வாளி விழுந்தது. டெஸ்டரை மோட்டரின் இரும்பில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தேன்.

டேப் சுற்றி மணலுக்குள் புதைத்திருந்த வயரைத் தோண்டி எறிந்தேன். குழாய்க்குள் புது வயர் இழுத்து, ஏர்த் கம்பியை மாற்றி, ட்ரிப் சுவிட்சை முறையாகப் பூட்டிய பிறகுதான் கையொப்பம் வைத்தேன். இனி அந்த வீட்டில் என்ன நடந்தாலும் என்னைத்தானே கேட்பார்கள்? அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நன்றாக நடந்தது.

மாரி தொடங்கியது. வானம் இருண்டாலே, மகளோடு அங்கேயே இருந்த அக்காவுக்குப் போன் போடுவேன்.

"ட்ரிப் சுவிட்ச் விழுகுதா?"

"ஓம், நாசமாப்போனது விழுந்துகொண்டேதான் கிடக்கு."

அப்பாடா என்றிருக்கும். ஊரெல்லாம் கரண்ட் போகக்கூடாதென்று கும்பிட, நான் அக்கா வீட்டில் போகவேண்டுமென்று கும்பிட்டேன். என் மனைவிக்கு இது பெரிய பகிடி.

ஒரு காலை, இரவெல்லாம் கொட்டிய மழை விட்டிருந்தது. வழக்கம்போலக் கேட்டேன்.

"இப்ப விழுறதே இல்ல தம்பி. அத்தான் என்னமோ செய்து சரியாக்கிட்டார்."

மறுபடியும் நேராகக் கொடுத்துவிட்டார்.

"மகள் எங்க?"

"கிணத்தடியில. மோட்டரைப் போட்டுக் குளிக்கிறாள். ஏன்?"

"ஒண்டும் கேக்காத அக்கா. ஓடிப்போய் மெயினை நிப்பாட்டு!"

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் போலும். தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் கேட்டதோ, தெரியாது. வயரிங் சோதனைக் காகிதத்தில் நான் வைத்த கையொப்பம்தான் கண்ணுக்குள் நின்றது.

பிறகு, தூரத்தில் மருமகளின் குரல்.

"கரண்டை நிப்பாட்டினது ஆர்? கண்ணெல்லாம் சவுக்கார நுரை!"

அழுகை வந்தது. அவள் ஏசிக்கொண்டே இருந்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.